இணைந்து செயல்படும் மருத்துவமனைகளுக்குப் பொதுவான நெறிமுறை ஆவண முறை: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

பல நோயாளிகளின் சிகிச்சை ஒரே மருத்துவமனையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவி, வட்ட மருத்துவமனையில் அனுமதி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, மீண்டும் ஊருக்கு அருகில் தொடர் சிகிச்சை என்று ஒரே நோயாளி பல வாயில்களைக் கடந்து செல்கிறார். இவ்வாறு நோயாளிகளைத் தமக்குள் பரிந்துரைத்துக்கொள்ளும் மருத்துவமனைகளே இணைந்த மருத்துவமனைகள் எனப்படுகின்றன. இவை அனைத்தும் ஒரே நெறிமுறையை, அதுவும் அதன் இன்றைய பதிப்பைப் பின்பற்ற வேண்டும். அதற்கான கணினி முறை எவ்வாறு வாங்கப்படுகிறது, அதில் என்னென்ன இருக்க வேண்டும், நோயாளிகளுக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நெறிமுறை ஆவணங்கள் என்றால் என்ன?

மருத்துவமனையில் ஒரு பணியை யார், எப்போது, எவ்வாறு செய்ய வேண்டும் என்று எழுத்தில் வகுத்து, பொறுப்பு அலுவலரால் ஒப்புதல் அளிக்கப்பட்ட தாள்களே நெறிமுறை ஆவணங்கள். அவை பொதுவாக நான்கு வகைப்படும்.

- கொள்கைகள்: மருத்துவமனை எதைக் கடைப்பிடிக்கும் என்பதைக் கூறுபவை. எடுத்துக்காட்டு: அறுவை சிகிச்சைக்கு முன் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுதல்.
- செயல்பாட்டு நடைமுறைகள்: ஒரு பணியைப் படிப்படியாகச் செய்யும் முறை. எடுத்துக்காட்டு: இரத்தம் ஏற்றுமுன் இரு பணியாளர்கள் சரிபார்த்தல்.
- சிகிச்சை நெறிகள்: குறிப்பிட்ட நோய்க்கோ விபத்துக்கோ உரிய மருந்து, அளவு, கால இடைவெளி ஆகியவை.
- சுற்றறிக்கைகளும் அவசர அறிவிப்புகளும்: ஒரு மருந்துத் தொகுப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்பது போன்ற உடனடி ஆணைகள்.

2013-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தேசிய தர உறுதித் தரநிலைகளின்படி, அரசு மருத்துவமனைகளின் ஒவ்வொரு துறையும் தன் செயல்பாட்டு நடைமுறைகளை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். எனவே ஆவணங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றில் எது இன்றைக்குச் செல்லுபடியாகும் ஆவணம் என்பதை அறிவதில்தான் இடர்ப்பாடு எழுகிறது.

பழைய தாளால் நோயாளிக்கு என்ன நேரும்?

நாய்க்கடியை எடுத்துக்கொள்வோம். ஒரு சிறுவனை நாய் ஆழமாகக் கடித்துவிடுகிறது. வட்ட மருத்துவமனையில் தோலுக்குள் செலுத்தும் முறையில் ரேபிஸ் தடுப்பூசி தொடங்கப்படுகிறது. நம் நாட்டில் இம்முறைக்குரிய நாள்கள் 0, 3, 7, 28 ஆகும். முதல் ஊசி போடப்பட்ட நாளே 0 எனக் கொள்ளப்படுகிறது. தசையில் செலுத்தும் முறைக்கோ 0, 3, 7, 14, 28 என ஐந்து நாள்கள் உண்டு. அடுத்த ஊசிகளை ஊருக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்நிலையத்தின் சுவரில் ஐந்து நாள் அட்டவணை மட்டுமே ஒட்டப்பட்டிருந்தால், பெற்றோர் 14-ஆம் நாள் வீணாக அலையக்கூடும். குழப்பத்தில் 28-ஆம் நாள் ஊசி விடுபட்டுப் போனால் விளைவு கடுமையானதாகலாம். ரேபிஸ் நோய் அறிகுறிகள் தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிக்கும் நோய்.

இதே சிகிச்சையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. ஆழமான கடிகளுக்கு ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதமும் தரப்படுகிறது. காயத்தில் செலுத்தியது போக எஞ்சிய மருந்தைத் தொலைவிலுள்ள தசையில் போடுவது முன்பு வழக்கமாக இருந்தது. காயத்திலும் அதைச் சுற்றிலும் செலுத்துவதே முக்கியம், எஞ்சியதை வேறிடத்தில் செலுத்தத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு தேசிய நெறியும் அதையே பின்பற்றியது. கிடைப்பதற்கு அரிய இம்மருந்து ஒரு நோயாளிக்குத் தேவைக்கு மேல் செலவானால், அடுத்து வருபவருக்கு இல்லாமல் போகலாம். பழைய தாளைப் பார்த்துப் பணியாற்றும் செவிலியரிடம் அக்கறைக் குறைவு எதுவும் இல்லை. அவர் கையில் உள்ள தாளுக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

இத்தகைய மாற்றங்கள் பல துறைகளில் நிகழ்கின்றன. இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்மீட்பு முறையில் 15 மார்பு அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்றிருந்த விகிதம் 2005-இல் பெரியவர்களுக்கு 30-க்கு 2 ஆக மாற்றப்பட்டது. 2010-இல் மூச்சுப்பாதையைச் சீர்செய்வதற்கு முன்பே மார்பு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும் என வரிசையும் மாறியது. பாம்புக்கடிக்கு இறுகக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும் கைவிடப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு பாம்புக்கடி, அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது. இவ்வாணை அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒருசேரச் சென்றடைந்தால்தான் பயன் தரும்.

மருந்துப் பெட்டியில் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்நாள் கடந்தால் மருந்தாளுநர் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். மருந்தைக் கொடுக்கும் முறையைச் சொல்லும் தாளுக்கும் அத்தகைய நாளும், அது கடந்ததும் எடுத்துவிடும் ஏற்பாடும் தேவை. பொது ஆவண முறையின் நோக்கம் இதுவே.

ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் போதாதா?

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின்கீழும், வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின்கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின்கீழும் இயங்குகின்றன. நோயாளிக்கு இவை அனைத்தும் ஒன்றே, அரசு ஆஸ்பத்திரி. நிருவாகத்தில் இவை மூன்று கிளைகள். சுற்றறிக்கை ஒவ்வொரு கிளையிலும் தனி வழியில் பயணம் செய்கிறது. ஓரிடத்தில் அது கோப்பில் சேரும், ஓரிடத்தில் சுவரில் ஏறும், ஓரிடத்தில் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து சில நாள்களில் பிற செய்திகளுக்குக் கீழே மறைந்துவிடும். நோயாளி ஒரு மருத்துவமனையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் இடைவெளியில்தான் தவறுகள் மிகுதியாக நுழைகின்றன. எனவே அந்த இடைவெளியின் இரு புறத்திலும் ஒரே தாள் இருப்பது பாதுகாப்பு.

இம்முறையில் இருக்க வேண்டியவை

- ஒரு பொருளுக்கு ஒரே செல்லுபடியாகும் பதிப்பு: புதிய பதிப்பு வந்தவுடன் பழையது பார்வையிலிருந்து விலக வேண்டும். ஆனால் அழிக்கப்படக் கூடாது. ஒரு குறிப்பிட்ட நாளில் எந்த நெறி நடைமுறையில் இருந்தது என்பது பின்னர் விசாரணையிலோ நீதிமன்றத்திலோ தேவைப்படலாம்.
- பொறுப்பாளரும் நாள்களும்: ஒப்புதல் அளித்தவரின் பதவி, நடைமுறைக்கு வந்த நாள், மறு ஆய்வு நாள் ஆகியவை முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். மறு ஆய்வு நாள் நெருங்கும்போது பொறுப்பாளருக்கு முறையே நினைவூட்ட வேண்டும்.
- பொதுப் பகுதியும் உள்ளூர்ப் பகுதியும்: மருந்தின் அளவு எங்கும் ஒன்றே. ஆனால் இரத்த வங்கி எங்குள்ளது, சி.டி. ஸ்கேன் எத்தனை மணி வரை இயங்கும், இரவில் யாரை அழைப்பது என்பவை இடத்துக்கு இடம் மாறும். பொது நெறியைத் திருத்தாமல், உள்ளூர் விவரத்தை மட்டும் தனி இணைப்பாகச் சேர்க்க வழி இருக்க வேண்டும்.
- விரைவான தேடல்: நள்ளிரவில் அவசரப் பிரிவில் நிற்கும் செவிலியர் தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை இருந்தாலும், தேவையான பக்கத்தை உடனே அடைய வேண்டும்.
- படித்ததற்கான பதிவு: புதிய நெறியை எந்தெந்தப் பணியாளர்கள் படித்தனர் என்பது தெரிய வேண்டும். படித்தேன் என்று குறியிடுவது பயிற்சிக்கு ஈடாகாது. எனினும், படிக்காதவர் யார் என்பதையாவது அது காட்டும்.
- இணையம் இல்லாதபோதும் இயங்குதல்: முக்கிய அவசர நெறிகள் கைபேசியிலோ கணினியிலோ முன்பே பதிவிறங்கி இருக்க வேண்டும். அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்ட நாளும் செல்லுபடியாகும் நாளும் தாமாகவே பதிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதற்கு வலுவான காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. ஏறக்குறைய இரு வாரங்கள் பல சேவைகளைக் கையால் எழுதி நடத்த நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டு மே மாதம் வானாக்ரை என்னும் தீநிரல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையைப் பாதித்தபோதும் இதே நிலை ஏற்பட்டது. கணினி முடங்கும் நாளில் எந்தத் தாளை எடுப்பது என்பதற்கும் ஒரு தாள் வேண்டும்.

கொள்முதல் எவ்வாறு நடைபெறுகிறது?

பொதுப் பணத்தில் வாங்கப்படுவதால் இதற்குச் சட்டப்படியான வழிமுறை உண்டு. தமிழ்நாட்டில் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 இதனை ஒழுங்குபடுத்துகிறது. படிநிலைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

முதல் படி, கூட்டு ஏற்பாடு. வாங்குவது எந்த அலுவலகம், செலவை யார் ஏற்பது, நெறியை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை இணையும் மருத்துவமனைகள் எழுத்து மூலம் முடிவு செய்ய வேண்டும். இது தெளிவாகாமல் மென்பொருள் வாங்கினால், ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பழைய வழக்கத்தையே புதிய திரையில் தொடரும்.

இரண்டாம் படி, இருப்பவற்றைத் திரட்டுதல். எல்லா மருத்துவமனைகளிலும் உள்ள தாள்களைச் சேர்த்தால், ஒரே பொருளைப் பற்றி வேறு வேறு ஆண்டுகளில் எழுதப்பட்ட பதிப்புகள் கிடைப்பது இயல்பு. அவற்றில் எது சரி என்பதை மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வக நுட்பநர்கள் கூடி அமர்ந்து முடிவு செய்ய வேண்டும். எந்த மென்பொருளும் இம்முடிவை எடுத்துத் தராது. அதிக உழைப்பையும் காலத்தையும் கோருவது இப்படியே. தவறான தாளைக் கணினியில் ஏற்றினால், அது முன்பைவிட விரைவாகப் பரவும்.

மூன்றாம் படி, தேவைகளை எழுதி ஒப்பந்தப்புள்ளி கோருதல். மேலே பட்டியலிட்ட தேவைகள் யாவும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் இடம்பெற வேண்டும். அதில் கேட்காததைப் பின்னர் நிறுவனத்திடம் வலியுறுத்திப் பெறுவது கடினம். இரு உறை முறையில் தொழில்நுட்ப உறை முதலில் திறக்கப்படும். அதில் தகுதி பெற்ற நிறுவனங்களின் விலை உறை மட்டுமே பிறகு திறக்கப்படும். தகுதி பெற்றோரிடையே விலை முக்கிய இடம் பெறுவதால், தேவைகளை மேலோட்டமாக எழுதினால் மலிவானதும் பயன்படாததுமான ஒன்று வந்து சேரக்கூடும்.

நான்காம் படி, செயல்விளக்கம். நிறுவனத்தின் விற்பனை அலுவலர் இயக்கிக் காட்டுவது போதாது. வார்டில் பணியாற்றும் செவிலியரிடமே கைபேசியைக் கொடுத்து, பாம்புக்கடி நெறியைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும். அவரால் விரைவாக எடுக்க முடியவில்லையெனில் அவசரத்தில் அது உதவாது.

ஐந்தாம் படி, ஒப்பந்தம். முதல் ஆண்டுக் கட்டணத்துடன் ஆண்டுப் பராமரிப்பு, பயிற்சி, பயனாளர் எண்ணிக்கை கூடும்போது ஏறும் செலவு ஆகியவற்றையும் கணக்கிட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால், எல்லா ஆவணங்களையும் அவற்றின் பழைய பதிப்புகளுடன் பொதுவான கோப்பு வடிவில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இன்றியமையாதது. இல்லையெனில் மருத்துவமனைகளின் நெறிகள் ஒரு நிறுவனத்தின் கையில் சிக்கிக்கொள்ளும். இணையப் பாதுகாப்புத் தணிக்கையும் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி, சோதனை ஓட்டம். ஒரு மருத்துவமனையிலும், அதற்கு நோயாளிகளை அனுப்பும் சில சுகாதார நிலையங்களிலும் முதலில் இயக்கிப் பார்த்து, குறைகளைக் களைந்த பின்னரே விரிவாக்க வேண்டும். புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும் நாளில் பழைய தாள்களைச் சுவரிலிருந்தும் மேசைக் கண்ணாடியின் அடியிலிருந்தும் அகற்றுவதும் இப்படியைச் சேர்ந்ததே.

இம்முறையால் ஆகாதவை

எழுதிய நெறி மருத்துவரின் மதிப்பீட்டுக்கு மாற்று ஆகாது. ஒரு நோயாளியின் வயது, சிறுநீரகச் செயல்பாடு, பிற நோய்கள் ஆகியவற்றைக் கருதி மருத்துவர் நெறியிலிருந்து விலக நேரலாம். அவ்வாறு விலகும்போது காரணத்தை நோயாளியின் சிகிச்சைத் தாளில் எழுதுவது முறை. பணியாளர் பற்றாக்குறையையோ மருந்துத் தட்டுப்பாட்டையோ ஆவண முறை தீர்க்காது. எல்லோரும் ஒரே தாளைப் படிக்கிறார்கள் என்னும் ஒன்றை மட்டுமே அது உறுதி செய்ய முயல்கிறது.

நோயாளிகளும் உடனிருப்போரும் செய்ய வேண்டியவை

- ஒவ்வொரு மருத்துவமனையிலும் தரும் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, பரிந்துரைக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை நாள் வரிசையில் ஒரே உறையில் வைத்திருங்கள். அடுத்த மருத்துவமனையில் முதலில் அதைக் காட்டுங்கள்.
- ரேபிஸ் தடுப்பூசி அட்டையைச் சிகிச்சை முடிந்த பிறகும் பத்திரப்படுத்துங்கள். முன்பு முழுமையாகத் தடுப்பூசி போட்டவரை மீண்டும் நாய் கடித்தால், 0, 3 ஆகிய இரு நாள்களில் மட்டும் ஊசி போதுமானது. இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. அட்டை இல்லையெனில் இதை உறுதி செய்ய இயலாமல் போகலாம்.
- இரு இடங்களில் இரு விதமாகச் சொன்னால் தயங்காமல் கேளுங்கள். "சிஸ்டர், பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இங்கே ஐந்து நாள் என்கிறீர்கள். இப்போது நடைமுறையில் உள்ளது எது என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேட்பது எவரையும் குறை கூறுவதாகாது. அத்தகைய கேள்வியால் பழைய தாள் ஒன்று அகற்றப்படலாம்.
- முரண்பாடு தீரும் வரை நீங்களாகவே மருந்தை நிறுத்தவோ அளவை மாற்றவோ வேண்டாம்.
- ஐயம் தொடர்ந்தால் பணி மருத்துவரை அணுகுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

அடிக்கடி எழும் வினாக்கள்

என் நோய் விவரங்கள் இம்முறையில் பதிவாகுமா?
பதிவாகக் கூடாது. இது பணி நெறிகளுக்கான முறை. நோயாளிகளின் மருத்துவப் பதிவேடு வேறு முறையில், வேறு பாதுகாப்பில் வைக்கப்படும். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதிருப்பதைக் கொள்முதல் நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும்.

நெறிமுறைகளைப் பொதுமக்கள் பார்க்கலாமா?
தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் தம் பணிக்குப் பயன்படுத்தும் விதிகள், அறிவுரைகள், கையேடுகள் ஆகியவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. எனவே இம்முறையில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பகுதி ஒன்றையும், எளிய தமிழ்ச் சுருக்கங்களையும் சேர்ப்பது பொருத்தமானது.

என் சிகிச்சை ஆவணங்களை நான் கேட்டுப் பெறலாமா?
பெறலாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும்.

நாய் கடித்தவுடன் எந்த நெறியானாலும் மாறாத ஒன்று உண்டா?
உண்டு. ஓடும் நீரிலும் சோப்பிலும் காயத்தை 15 நிமிடங்கள் கழுவி, உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதல் நாளில் இம்யூனோகுளோபுலின் கிடைக்காவிட்டால், முதல் தடுப்பூசியிலிருந்து 7-ஆம் நாள் வரை அதைப் பெற இயலும். அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.